மஞ்சள் மீனுக்கு ஓர் இடம்

"அடிச்சே கொன்னுட்டானே தம்பி, அந்த நீலப் பய!"

கதவைத் திறந்ததுமே வீட்டுக்கார அம்மாள் புகாரை ஆரம்பித்துவிட்டார். மீன்தொட்டிக்காரன் ஒரு கையில் உப்புத் தண்ணீர் கேன், மறு கையில் புது மீன் நீந்தும் பாலிதீன் பை என்று வாசலிலேயே நின்றான். காலையிலிருந்து இது நான்காவது வீடு. பதில் சொல்லக்கூடத் தெம்பில்லை.

"போன மாசம் நீங்க விட்ட மஞ்சள் மீன் மூணு நாள்கூடத் தாங்கல. ஓட ஓட விரட்டினான். பாவம், மூலையில ஒண்டிக்கிட்டே கெடந்து செத்துப்போச்சு."

"தப்பு என் மேலதாம்மா. அன்னிக்கு அவசரத்துல அப்படியே விட்டுட்டுப் போயிட்டேன்."

"நாளைக்கு என் மகனும் மருமகளும் இங்கயே வந்துடறாங்க. அந்தப் பொண்ணு ஆசைப்பட்டுக் கேட்ட மீன் இது. வந்த அன்னிக்கே செத்து மிதந்தா நல்லாவா இருக்கும்?"

"இந்தத் தடவை ஒண்ணும் ஆகாதும்மா."

அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். எந்த மீனோடு எந்த மீன் ஒத்துப்போகும், எது எதைக் கடிக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். தொழிலில் அப்படி ஒரு பெயர்.

பையைத் தொட்டியில் மிதக்கவிட்டான். கையை முழங்கை வரை உள்ளே விட்டு, கற்களை ஒவ்வொன்றாக எடுத்து வாளியில் போட ஆரம்பித்தான். நீல மீன் கட்டைவிரல் அளவுதான் இருக்கும். அதற்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! அவன் கையையே வந்து முட்டியது.

"எதுக்குத் தம்பி எல்லாத்தையும் எடுக்கறீங்க? அழகாத்தானே இருந்துச்சு?"

"அழகுதாம்மா. ஆனா இவன் மூணு வருஷமா இதுக்குள்ள குடியிருக்கான். எந்தப் பொந்து எங்க இருக்குன்னு எல்லாம் அத்துப்படி. அத்தனையும் தன்னோடதுன்னு நெனப்பு. புதுசா வர்றது எங்க போய் நின்னாலும் அது இவன் இடமாத்தான் இருக்கும். கல்லை மாத்தி அடுக்கிட்டோம்னா இவனுக்கும் இடம் புரியாது. ஒண்டிக்க ஒரு பொந்து தேடவே பொழுது சரியாயிருக்கும், அப்புறம் எங்க அடிக்கிறது?"

அம்மாள் கொஞ்ச நேரம் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு விறுவிறுவென்று உள்ளே போனார்.

சற்று நேரத்தில் சமையலறையிலிருந்து டமால் டுமீல் என்று சத்தம். அவனுக்கு ஏற்கெனவே தலைவலி. எட்டிப் பார்த்தான். அலமாரி காலி. டப்பா, டம்ளர், கரண்டி எல்லாம் தரையில் கிடந்தன. வீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு வாசற்படியில் நின்றார்.

"முப்பது வருஷமா இருந்த இடத்துல இருந்துட்டுப் போகட்டுமே. நாளைக்கு அந்தப் பொண்ணு வர்ற நேரத்துல எதுக்கு இந்த வேண்டாத வேலை?"

"அவ வர்றதுக்குள்ளதான் இதை முடிக்கணும். நீங்க போய்ப் பேப்பர் படிங்க."

சரிதான் என்று நினைத்துக்கொண்டான் மீன்தொட்டிக்காரன். மருமகள் வாசல் மிதிக்கும் முன்பே மாமியார் கோட்டை கட்டுகிறார். எது எங்கே இருக்கிறது என்று தனக்கு மட்டும் தெரிந்தால்தானே வருகிறவள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பாள்!

வீட்டுக்கு வீடு வாசற்படி. அவன் மனைவி கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய் இருபது நாளாகிறது. ஒரு டப்பாவை அவள் இடம் மாற்றி வைத்தாள், அவன் அம்மா ஒரு வார்த்தை சொன்னாள், இவள் இரண்டு வார்த்தை சொன்னாள். அவ்வளவுதான். இன்று காலை மாமனார் போன் செய்திருந்தார்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க மாப்பிள்ளை. அந்த வீட்டுல இனிமே கால் வைக்க மாட்டேங்கறா."

என்ன முடிவைச் சொல்வது? மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. போயும் போயும் ஒரு டப்பாவுக்காகக் குடும்பம் உடையுமா? இந்தப் பெண்களுக்குள் ஒத்துப்போகவே போகாது என்று அலுத்துக்கொண்டே கடைசிக் கல்லை வைத்தான். அவள் திரும்பி வராமலே போய்விட்டால்?

பையை அவிழ்த்து விட்டான். மஞ்சள் மீன் தயங்கித் தயங்கி வெளியே வந்தது. நீல மீன் ஒவ்வொரு சந்தாக மூக்கை நுழைத்துப் பார்த்துக்கொண்டே அதைத் தாண்டிப் போனது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்பாடா!

அம்மாள் டீயோடு வந்தார். முகமெல்லாம் வியர்வை.

"சர்க்கரை இல்லாத டீ தம்பி. கோவிச்சுக்காதீங்க. கைக்குக் கிடைச்சதைக் கிடைச்ச இடத்துல அடுக்கிட்டேன். சர்க்கரை டப்பாவை எங்க வெச்சேன்னு எனக்கே தெரியல."

அவனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"எல்லாம் நல்லாத்தானே இருந்துச்சு? எதுக்கும்மா கலைச்சீங்க? நாளைக்கு வர்ற பொண்ணு தேடித் தேடித் திண்டாடட்டும்னா?"

அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. நாற்காலியில் அப்பாடா என்று உட்கார்ந்தார்.

"அவளுக்கு எப்படியும் ஒண்ணும் தெரியப்போறதில்லை தம்பி. எனக்கும் தெரியலேன்னா ரெண்டு பேரும் சேர்ந்து தேடுவோம்ல?"

அவன் டீயைக் கீழே வைத்தான்.

உப்பு எங்கே, கத்தி எங்கே, தீப்பெட்டி எங்கே என்று இந்த ஒன்றரை வருஷத்தில் அவன் மனைவி எத்தனையோ முறை வந்து கேட்டிருக்கிறாள். மொபைலிலிருந்து கண்ணை எடுக்காமல் அவன் சொன்ன பதில் ஒன்றுதான்.

"அம்மாவைக் கேளு!"