லாரி வாழ்த்து

ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தையல்காரர் கத்தரியும் பசையுமாக உட்கார்ந்திருந்தார். வாழ்த்து அட்டையைத் திறந்தால் காகித லாரி ஒன்று எழுந்து நிற்கும். சுற்றிலும் ரப்பர் ஸ்டாம்பில் குத்திய சிவப்புப் பூக்கள்.

"எனக்கு என்னிக்காவது இப்படி ஒரு கார்டு பண்ணியிருக்கீங்களா?" மனைவி முறைத்தாள்.

"மாடிவீட்டு அண்ணன் காலி பண்ணிட்டுப் போறாரும்மா. சந்தோஷமா வழியனுப்ப வேணாமா?"

மறுநாள் அண்ணன் அட்டையைத் திறந்தார். லாரி எழுந்தது. அவர் கண் கலங்கிவிட்டது.

"என் மேல இவ்வளவு பாசமா? இனி நான் எங்கயும் போகலை, தம்பி!"



மாலையில் மாடியிலிருந்து டிரம்பெட் பிளிறியது. நடுவே அண்ணனின் குரல்: "தம்பி, இனிமே தினமும் உங்களுக்காக ஒரு மணி நேரம் கூடுதலா வாசிக்கிறேன்!"

தையல்காரர் வழக்கம்போல இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டார்.