அரைச் சுற்று

மறுபடியும் திரை நீலமாகி நின்றது.

ஊரார் கம்ப்யூட்டரையெல்லாம் பழுது பார்க்கும் அவருக்குச் சொந்தக் கம்ப்யூட்டர் தண்ணி காட்டியது. கம்ப்யூட்டரின் நினைவகமான ராமின் (RAM) வேகத்தை வரம்புக்கு மேல் ஏற்றி ஓட்டும் இணையப் போட்டியில் மூன்று மாதமாக 'குள்ளநரி' என்ற பெயர்தான் முதலிடம். போதாக்குறைக்கு நேற்று நக்கலாக ஒரு செய்தி வேறு: 'சார், இன்னும் எந்த பஸ் ஸ்டாப்புல நிக்கறீங்க?'

"ஆளு மட்டும் கையில கிடைச்சான்..." பல்லைக் கடித்தார்.

பக்கத்து அறையில் ஆபீஸ் வேலையாக இருந்த மனைவி வந்தாள். "யாரைத் திட்டறீங்க?"

"ராமை மாத்தினேன், ஸ்லாட்டை மாத்தினேன், வோல்ட்டேஜைக்கூட ஏத்திப் பார்த்துட்டேன். பத்து நிமிஷத்துல படுத்துடுது. மதர்போர்டே போச்சுபோல."

அவள் குனிந்து பார்த்தாள். "ப்ராசசர் மேல இருக்கற ஃபேனை இப்படியா முறுக்கி வைப்பீங்க? போர்டே வளைஞ்சிருக்கு. அப்புறம் ராம் எப்படி ஒழுங்கா ஓடும்?"

"இருபது வருஷமா இதே தொழில் பண்றவன்கிட்ட வந்து..."

அவர் முடிப்பதற்குள் ஸ்விட்சை அணைத்து, நாலு ஸ்க்ரூவையும் அரைச் சுற்று தளர்த்திவிட்டுப் போய்விட்டாள்.

வேண்டாவெறுப்பாகச் சோதனையை ஓட்டினார். பத்து நிமிஷம் தாண்டியது. ஒரு மணி நேரமும் தாண்டியது. ஒரு பிழைகூட இல்லை. வேகத்தை இன்னும் ஒரு படி ஏற்றினார். அப்போதும் அசராமல் ஓடியது.

பட்டியலில் முதலிடம்!

துள்ளிக் குதித்தவர், குள்ளநரிக்கு உடனே தட்டிவிட்டார்: 'உங்க ஸ்டாப்பைத் தாண்டியாச்சு சார்!'

பக்கத்து அறையில் ஒரு போன் சிணுங்கியது. பதில் வந்தது:

'சந்தோஷம். நாளைக்கு நான் தாண்டறேன். இப்போ ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டவளுக்குச் சூடா ஒரு டீ கொண்டு வாங்க, சார்!'