ஃப்ரிட்ஜில் ஒரு பூந்தொட்டி

"மம்மி, இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும். இந்த வீட்டு ஃப்ரிட்ஜ் கறிக்கா, செடிக்கா?"

ஷாரோன் சட்டியை மேஜைமேல் 'டங்'கென்று வைத்தாள். மசாலா தடவி வைத்திருந்த கோழிக்கறி. மூடியைத் திறந்ததும் புளித்த வாடை அடித்தது.

மரியபுஷ்பம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "செடிக்கு" என்றாள்.

யாங்கோன் நகரத்து லான்மடாவில், அந்த மூன்றாம் மாடி வீட்டில் ஷாரோன் சமைத்துக் கட்டிக்கொடுக்கும் மதியச் சாப்பாட்டில்தான் அம்மா, மகள் இருவர் பிழைப்பும் ஓடியது. திஞ்சான் தண்ணீர்த் திருவிழா முடிந்தும் தணியாத வெயில். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. இருப்பதோ இடுப்பு உயரத்துக்கு ஒரு குட்டி ஃப்ரிட்ஜ். அதன் கீழ்த்தட்டு முழுக்க ஒரு மண் தொட்டி உட்கார்ந்திருந்தது.

தொட்டி நவோமியுடையது. சண்டையில் ஊர் எரிந்துபோய், சின் மலையிலிருந்து குளிர்காலத்தில் இறங்கி வந்தவள். சர்ச்சில் யாரோ சொல்லி, இவர்கள் வீட்டுப் பின்னறையில் கொஞ்ச நாள் தங்கினாள். வீட்டுத் தோட்டத்தில் அவள் அம்மா வளர்த்த மலை ஆர்க்கிட் கிழங்கு ஒன்றை மட்டும் தோண்டிக் கையோடு கொண்டு வந்திருந்தாள்.

"பனி விழுந்தா இலையெல்லாம் கருகிடும் ஆன்ட்டி. கிழங்கு மண்ணுக்குள்ள தூங்கும். குளிர்ல நல்லாத் தூங்கினாத்தான் மழைக்கு முளைச்சுப் பூக்கும்" என்று பர்மாப் பேச்சில் சொல்லி, மலேசியாவுக்கு வேலைக்குப் போகும்போது மரியபுஷ்பத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள்.

யாங்கோனில் குளிருக்கு எங்கே போவது? தொட்டி ஃப்ரிட்ஜில் ஏறியது.

"கீழ்வீட்டுக் கலா அக்காகூடச் சிரிக்கிறாங்க, பூவுக்கு ஃப்ரிட்ஜாம், கறிக்கு வெயிலாம்னு."

"சிரிச்சிட்டுப் போகட்டும்."

"நாளைக்கு ஆபீஸ்காரங்களுக்கு என்னத்தைக் கட்டிக் கொடுக்கிறது?"

"கத்தரிக்காய் வை."

"கோழி கேட்டவங்களுக்குக் கத்தரிக்காயா?"

"பிடிக்காதவங்க வேற கடை பார்க்கட்டும்."

"பெத்த பொண்ணைவிட, எவளோ வச்சிட்டுப் போன செடி பெருசாப் போச்சு உங்களுக்கு!"

"எவளோ இல்லை. நவோமி."

ஷாரோனுக்குக் கோபம் தலைக்கேறியது. விடுவிடுவென்று போய் ஃப்ரிட்ஜைத் திறந்தாள்.

"தொடாதடி!"

மரியபுஷ்பம் குறுக்கே பாய்ந்தாள். இருவரின் இழுபறியில் தொட்டி கைநழுவித் தரையில் கவிழ்ந்தது. மண் அடுப்படிவரை சிதறியது.

ஷாரோன் பதறிப்போனாள். கோபம் போன இடம் தெரியவில்லை. ஐயோ, கிழங்கு நசுங்கியிருக்குமோ என்று மண்டியிட்டு மண்ணைத் துழாவினாள். கட்டிகளை உடைத்துப் பார்த்தாள். மேஜைக்கு அடியில் கைவிட்டுத் தேடினாள்.

"மம்மி... கிழங்கைக் காணோமே."

"இருந்தாத்தானே கிடைக்கும்."

"என்ன சொல்றீங்க?"

"போன மாசம் கரண்டே இல்லாமக் கிடந்துச்சே, அப்பவே அழுகிப் போச்சு. ஐஸ் வாங்கிச் சுத்தி அடுக்கிப் பார்த்தேன். நிக்கல."

"அப்போ வெறும் மண்ணுக்கா இத்தனை சண்டை போட்டீங்க?"

"அந்தப் பொண்ணு வேலைக்கு நடுவுல எப்போ வீடியோ போன் பண்ணுவான்னு தெரியாது. பண்ணினா, 'நல்லா இருக்கீங்களா'ன்னு கேட்கிறதுக்கு முன்னாடி, 'ஆன்ட்டி, தொட்டியைக் காட்டுங்க'ங்கிறா. அவ வீட்டுல மிஞ்சினது அது ஒண்ணுதான். அதுவும் போச்சுன்னு நான் எந்த வாயால சொல்றது?"

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"உனக்கு எதையும் மறைக்கத் தெரியாது. போன்ல உன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சிருவா."

"மழை வந்ததும் முளைச்சிருச்சான்னு கேட்பாளே?"

"மலைச்செடி கொண்டு வந்து விக்கிற ஆள்கிட்ட அதே ஜாதிக் கிழங்கு சொல்லி வச்சிருக்கேன். மழைக்கு முன்னாடி வந்துரும். முளைக்கும், பூக்கும். அவளுக்குக் காட்டுவேன்."

ஷாரோன் கை நிறைய மண்ணோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள்கூடச் சர்ச் பூசையைத் தவற விடாத மம்மியா இப்படிப் பேசுவது?

"பொய்தானே மம்மி இது? பாவமில்லையா?"

"பாவம்தான். பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்டயும் சொல்லிட்டேன். 'இனிமே இந்தப் பொய்யைச் சொல்லாதே'ன்னார்."

மரியபுஷ்பம் தொட்டியை நிமிர்த்தி, மகள் முன்னால் நகர்த்தி வைத்தாள்.

"முடியாது சாமின்னு சொல்லிட்டு எழுந்து வந்துட்டேன்."