மதிப்பெண் இல்லாத மாணவி

"இந்த வரியைக் கொஞ்சம் விளக்குங்க," என்றார் மருத்துவக் கல்லூரிக்காக நேர்காணல் எடுத்த டாக்டர் கிராண்டி. அவருடைய பேனா முனை மதிப்பெண் பட்டியலின் கடைசி வரியில் நின்றிருந்தது.

எந்த வரி என்று டெஸ்ஸாவுக்குப் பார்க்காமலே தெரியும். மற்ற பாடங்களில் எல்லாம் வரிசையாக 'ஏ'. அந்த ஒன்றில் மட்டும் மதிப்பெண்ணே இல்லை.

"உடலியங்கியல் வகுப்பு, டாக்டர். ஆடிட் பண்ணேன்."

"அதாவது, பரீட்சை கிடையாது, மார்க் கிடையாது. கடைசி வரிசையில சும்மா உட்கார்ந்து கேட்டுட்டுப் போறது."

"ஆமா, டாக்டர்."

"மருத்துவம் படிக்க விண்ணப்பம் போடுற ஆளுக்கு அதால என்ன பிரயோஜனம்?"

கல்லூரி ஆலோசகரும் இதையேதான் சொல்லியிருந்தார். ஆடிட் வகுப்பை எந்த மருத்துவக் கல்லூரியும் மதிக்காது, மார்க்குக்குப் பயந்து ஒதுங்கியவள் என்றுதான் நினைப்பார்கள் என்று தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னார். டெஸ்ஸா என்ன செய்வாள்? முப்பத்து மூன்று வயது. அமெரிக்காவின் டுலூத் நகரில் ஆம்புலன்ஸில் முதலுதவி செய்யும் வேலை. அந்தப் பருவத்தில் பரீட்சை நாட்கள் எல்லாம் அவளுடைய வேலை நாட்களாகவே வந்து தொலைத்தன. பாடத்தையாவது கேட்போம் என்று போய் உட்கார்ந்தாள்.

மூன்று வருடமாக விண்ணப்பிக்கிறாள். நேர்காணல் வரை வந்தது இதுதான் முதல் தடவை. இதுவும் போனால் நான்காவது முறை முயல மனதில் தெம்பில்லை.

"சரி, கேட்டீங்க. முழுசாவாவது கேட்டீங்களா?" கிராண்டி கண்ணாடியைக் கழற்றினார். "ஆறாவது வாரத்தோட பேரை அடிச்சிருக்காங்க. பரீட்சையே இல்லாத வகுப்பைப் பாதியில விட்ட ஆளை நான் இப்பத்தான் பாக்கறேன்."

டெஸ்ஸா பட்டியலின் அந்த வரியைப் பார்த்தாள்.

"ஏன் விட்டீங்க?"

"அதை நான் சொல்ல முடியாது, டாக்டர்."

"முடியாதா?"

"அது இன்னொருத்தரோட சொந்த விஷயம். அவர் வேணா சொல்லலாம். நான் சொன்னா தப்பு."

கிராண்டி அவளையே பார்த்தார். "பாடம் கஷ்டமா இருந்துச்சு, தூக்கம் வந்துச்சு, ஏதாவது சொல்லுங்க. பொய்யா இருந்தாக்கூடப் பரவாயில்லங்கிற நிலைமைக்கு வந்துட்டேன்."

"பொய் சொல்லத் தெரியாது, டாக்டர்."

"வாய் பேச மட்டும் தெரியுது." அவர் ஏதோ குறித்துக்கொண்டார். "சிபாரிசுக் கடிதம் யார்கிட்ட வாங்கியிருக்கீங்க?"

"பேராசிரியர் ஹால்வர்சன்கிட்ட. இதே வகுப்பு எடுத்தவர்தான்."

"பாதியில விட்ட வகுப்போட வாத்தியார்கிட்டயா?" கிராண்டிக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "என்ன எழுதியிருக்கார்?"

"தெரியாது. படிச்சுப் பாக்க மாட்டேன்னு எல்லாரும் கையெழுத்துப் போடுற மாதிரி நானும் போட்டுட்டேன்."

"எங்க கண்ணுலயும் நேர்காணல் முடியற வரைக்கும் காட்ட மாட்டாங்க. உங்க நல்ல நேரம்னு வெச்சுக்குங்க." அவர் விண்ணப்பக் கோப்பை மூடினார். "நீங்க போகலாம்."

வெளியே ஏரி உறைந்து கிடந்தது. காரில் ஏறி உட்கார்ந்தவளுக்குத் தன் மீதே ஆத்திரமாக வந்தது. ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அதற்குக்கூட வாய் வராதவள் மருத்துவராகி என்ன கிழிக்கப் போகிறாள் என்று தன்னையே திட்டிக்கொண்டு, வீடு போய்ச் சேரும் வரை அழுதாள்.

மூன்று வாரம் கழித்து, பனி உருகச் சாலையில் தூவியிருந்த உப்பு ஆம்புலன்ஸ் சக்கரத்தில் அப்பியிருந்ததை அவள் கழுவிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது.

"கிராண்டி பேசறேன். கையில ஏதாவது வெச்சிருந்தா கீழ வெச்சிடுங்க."

அவள் தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டாள்.

"உங்களுக்கு இடம் கிடைச்சாச்சு. பன்னிரண்டு பேர் குழுவுல ஒருத்தர்கூட மறுத்துப் பேசல. முதல்ல கையத் தூக்கினது நான்தான்."

டெஸ்ஸா வண்டியைப் பிடித்துக்கொண்டாள். "அந்த ஒரு வரி, டாக்டர்?"

"அந்த வரியாலதான். ஹால்வர்சனோட கடிதத்தைச் சத்தமா படிச்சாங்க. வழக்கமா விண்ணப்பிச்சவங்ககிட்ட இதைக் காட்டக் கூடாது. எழுதினவரே நேத்துக் கூப்பிட்டு, 'அந்தப் பொண்ணு வாயத் திறக்க மாட்டா, நீங்களே படிச்சுக் காட்டுங்க'ன்னுட்டார். கேளுங்க."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்.

"'அன்று இதயத்தைப் பற்றிப் பாடம். மாரடைப்பு எப்படி வரும் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தேன். இருநூறு மாணவர்களும் நான் நடித்துக் காட்டுகிறேன் என்று நினைத்துக் குறிப்பெடுத்தார்கள். இது பரீட்சைக்கு வருமா என்று ஒருவன் கையைக்கூடத் தூக்கினானாம். குறிப்பெடுக்கும் அவசியமே இல்லாத ஒருத்தி மட்டும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி வரிசையிலிருந்து மேசைகளைத் தாண்டி ஓடிவந்து, ஒன்பது நிமிடம் விடாமல் என் நெஞ்சை அமுக்கினாள். எனக்குப் பதிலாக வந்த ஆசிரியர், மார்க் இல்லாதவளுக்கு வகுப்பில் இடமில்லை என்று அவள் பெயரை அடித்துவிட்டார். ஆடிட் செய்ததால் அவளுக்கு என்ன பிரயோஜனம் என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கு என்ன பிரயோஜனம் என்று கேளுங்கள். இந்தக் கடிதத்தை நான் உயிரோடு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.'"