சிவப்பு வளையக்காரன்

“அவனுக்கு இன்னொரு குடும்பம் இருக்கும்மா.”

அப்பாவின் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்த அம்மாவின் விரலில் ஊசி ஏறியது. “யாருக்குடி?” என்றாள், விரலைச் சப்பிக்கொண்டே.

“எங்க ஸ்கூல் மரத்துல தொங்கவிட்ட பெட்டிக்குள்ள கூடு கட்டியிருக்கே, ஈப்பிடிப்பான் குருவி. டீச்சர் கால்ல சிவப்பு வளையம் மாட்டிவிட்டாங்களே, அவனுக்குத்தான்.”

“அடிப்பாவி, உயிரே போயிடுச்சு! குருவிக்குமா இந்தப் புத்தி?”

மகள் சிரிக்கவில்லை. பத்தாவது படிக்கிற வாயாடி. கொஞ்ச நாளாக அவள் வாய் பூட்டியே கிடந்தது. அம்மா தட்டில் பரிமாறும்போதெல்லாம் திருடியைப் போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

“கிளையில உட்காரும். பாய்ஞ்சு போய் ஈயைக் கவ்விக்கிட்டு அதே கிளைக்கே திரும்பிடும். என்ன ஒழுங்குடா சாமின்னு நினைச்சேன். ஒருநாள் பார்த்தா, பூச்சியோட வேற பக்கம் பறக்குது. சைக்கிள்ல பின்னாடியே போனேன். தண்ணித் தொட்டிக்கு அந்தப் பக்கம் இன்னொரு பெட்டி. அங்கேயும் ஒரு பொட்டை, குஞ்சுங்க. ஒண்ணுக்கொண்ணு தெரியக் கூடாதுன்னு தள்ளித்தான் ஜோடி சேருமாம்.”

“சரி, அதுக்கு நீ ஏன்டி அழுவுறே?”

“அந்தப் பெட்டிக்கு எதிர்வீட்டு மாடியில அப்பா நின்னாரும்மா.”

அம்மா நூலைப் பல்லால் கடித்தாள்.

“வேலையா வெளியூர் போறேன்னு கிளம்பினாரே, அன்னைக்கு. பனியனோட நின்னார். ஒரு அம்மா துணி காயப்போட்டாங்க. காலேஜ் பையை மாட்டிக்கிட்டு ஒருத்தன், ‘வரேன்ப்பா’ன்னு சொல்லிட்டுப் போனான்.”

அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். “சொன்னா நீ உடைஞ்சு போயிடுவேன்னு பயந்து மறைச்சேன். அவர் வாங்கித் தந்த செருப்பையும் போட்டுக்கிட்டுத் திரிஞ்சேன். நானும் உனக்குத் துரோகம் பண்ணிட்டேன்ம்மா.”

அம்மாவின் கை அவள் தலைமேல் வந்து படிந்தது.

“அவங்க உன்னைப் பார்த்தாங்களா?”

“இல்ல, ஒளிஞ்சுக்கிட்டேன். ஆனா நாம ஏன்ம்மா ஒளியணும்? நாளைக்கே போவோம், வா. அடுத்தவ புருஷனைப் பறிச்சுக்கிட்டு உனக்கெல்லாம் எப்படித் தூக்கம் வருதுன்னு, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்போம்.”

அம்மா சட்டையை மடித்தாள். பிரித்தாள். மறுபடியும் மடித்தாள்.

“பறிச்சது நான்தான்டி.”