என் ஒயினில் மட்டும் தண்ணீர்

முதலில் எனக்குத் துரோகம் செய்தவன் எவாசியோ. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன்.

போன வருடம் தெல்ஃபினாவின் சாப்பாட்டுக் கடையில், ஊர் ஆண்கள் அத்தனை பேரும் பார்க்க, என் புது ஒயினில் அவன் தண்ணீர் ஊற்றிக் குடித்தான்.

எங்கள் மலைப்பக்கத்தில் தண்ணீர் கலந்து கொடுப்பது குழந்தைகளுக்கு. அடுத்தவன் நீட்டிய புது ஒயினில் தண்ணீர் ஊற்றினால், "இதெல்லாம் மனுஷன் குடிக்கிறதா" என்று முகத்துக்கு நேரே கேட்ட மாதிரி.

தெல்ஃபினா என் ஒயினை வேண்டாம் என்றாள். நான் எவாசியோவோடு பேச்சை விட்டேன்.

ஒவ்வொரு வசந்தத்திலும் அவள் தன் கடை மேசைகளுக்கு யாராவது ஒருவருடைய பார்பேரா ஒயினை எடுப்பாள். ருசி பார்த்துச் சொல்வது எவாசியோ. ஊரிலேயே நல்ல நாக்கு அவனுக்குத்தான். அதை நானும் மறுக்கவில்லை.

இந்த வருடம் ஜாடியோடு போனது நானும், என்னைப்போலவே ஒயின் போடுகிற ரெமோவும்தான். வியாபாரத்துக்காக நான் போகவில்லை. என் ஒயின் மறுபடி அந்த மேசைகளுக்கு வர வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் ரெமோவினுடையது. எவாசியோ கிளாஸைச் சுழற்றினான், முகர்ந்தான், கீழே வைத்துவிட்டான்.

"சுத்தமா இருக்கு. நல்ல வாசனை."

"குடிக்கலையா?" என்றாள் தெல்ஃபினா.

"மூக்கே சொல்லிடுச்சு. போதும்."

ரெமோ என் தோளில் தட்டினான். "பாத்தியா செகோந்தோ, என் ஒயினுக்கு நாக்கே வேண்டாமாம்."

அடுத்தது என்னுடையது. கறுஞ்சிவப்பு, ஓரத்தில் கொஞ்சம் ஊதா. காலையில்தான் ஒரு துண்டு சலாமி இறைச்சியோடு குடித்துப் பார்த்திருந்தேன். புளிப்பு முதலில் நாக்கின் இரண்டு பக்கத்தையும் பிடிக்கும். வாயில் இருக்கிற கொழுப்பைக் கழுவிக்கொண்டு போகும். அப்புறம் செர்ரிப்பழம் மாதிரி ஒன்று மெதுவாக வரும். கை தானாக அடுத்த துண்டுக்குப் போகும். சாப்பாட்டு ஒயினுக்கு வேறென்ன வேலை?

எவாசியோ முகர்ந்தான். வெகுநேரம் முகர்ந்தான். ரெமோவினுடையதைப் போலவே கீழே வைத்துவிடுவான் என்று நினைத்தேன். அவன் கை தண்ணீர்க் குடுவைக்குப் போயிற்று.

"வேண்டாம்டா" என்றேன். ஒரு வருடத்துக்குப் பிறகு நான் அவனிடம் பேசியது அதுதான்.

கேட்கவில்லை. பாதிக்குப் பாதி ஊற்றினான். கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு வாயையும் நாக்கில் நிறுத்தி, கிளாஸ் காலியாகும்வரை குடித்தான்.

"என்னப்பா, கஷாயமா அது?" என்றான் ரெமோ. சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள்.

"ரெமோவோடதுக்கு ஏன்டா தண்ணி ஊத்தல?" என்று கேட்டேன்.

"அதை நான் குடிக்கவே இல்லையே."

"என்னோடத ஏன் அப்படியே குடிக்க மாட்டேங்கற?"

"எனக்கு இப்படித்தான் வேணும்."

"நல்லா இருக்கா, இல்லையா? அதைச் சொல்லித் தொலை."

"குடிச்சேன் இல்ல? இன்னும் என்னடா சொல்லணும்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கெட்டுப்போன ஒயின் என்றால் கடைசிச் சொட்டுவரை ஏன் குடிக்க வேண்டும்? நல்ல ஒயின் என்றால் தண்ணீர் எதற்கு? வாயில் வைக்காததற்குப் பாராட்டு, காலி செய்ததற்கு அவமானமா?

தெல்ஃபினாவும் குழம்பிப்போனாள். என் ஜாடியிலிருந்து ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாயும் குடித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு அண்ணே. ஆனா எல்லாரும் பாத்துட்டாங்களே. நாளைக்கு இதை மேசையில வெச்சா, கூடவே தண்ணி கொண்டாம்பாங்க. கோச்சுக்காதீங்க."

இந்த வருடமும் ரெமோவின் ஒயின்தான்.

ஜாடியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். தேவாலயப் படியில் எவாசியோவின் மனைவி எர்மீனியா நின்றிருந்தாள். கடை வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, அவர் இன்னிக்கும் குடிச்சாரா?"

"குடிச்சான். என் மானத்தையும் சேத்துக் குடிச்சான்."

"யாரோடத?"

"இதென்ன கேள்வி? என்னோடதத்தான். தண்ணி ஊத்தி."

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவருக்கு ஈரல் கெட்டுப்போச்சுண்ணே. ஒரு சொட்டுகூடக் கூடாதுன்னு டாக்டர் போன வருஷமே சொல்லிட்டாரு. ஊருக்குத் தெரியக்கூடாதுன்னு என் வாயைக் கட்டி வெச்சிருக்காரு. மத்தவங்களோடத மோந்து பாத்து சமாளிச்சுடறாரு. உங்களோடத மோந்துட்டுக் கீழ வைக்க மட்டும் மனசு வரலையாம். தண்ணி கலந்தாவது குடிச்சுட்டு வந்து, வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சுருண்டு கிடப்பாரு. இனி ரெண்டு மூணு நாளைக்கு எழுந்திருக்க மாட்டாரு."

ஜாடி கையில் கனத்தது. எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"நான் சொன்னதாக் காட்டிக்காதீங்க அண்ணே."

இன்றுவரை காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் நல்ல ஒயின் என்று அவன் ஊர் கேட்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது எனக்கு வர வேண்டியது. இன்னும் வரவில்லை.