மாற்று ஆள்

“மாப்ள சார், பொண்ணு பக்கத்துல இன்னும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க. அப்படியே சிரிங்க” என்றார் போட்டோக்காரர்.

பாஸ்கரன் நெருங்கவில்லை. ஆனால் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். ஐம்பதைத் தொடப்போகிற வயதில் இப்படி ஒருவர் கேட்டால் யாருக்குத்தான் கசக்கும்?

“ஐயோ அண்ணே, இவரு எங்க கடை மேனேஜரு” என்று மதிவதனி மாலை குலுங்கச் சிரித்தாள். “அவரு இன்னும் பார்லர்லருந்து வர்ல. இப்ப வந்துருவாரு.” சொல்லிவிட்டு, பூங்கொத்துக்குப் பின்னாலிருந்த ஃபோனை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டாள்.

மேனாம்பேட்டில் இருக்கும் அந்தச் சின்ன சூப்பர் மார்க்கெட்டில் மதிவதனிக்குப் பில் போடும் வேலை. காலையில் கோயிலில் கல்யாணம் முடிந்தது. மாலையில் கொரட்டூர் மண்டபத்தில் வரவேற்பு.

லீவு கேட்டு ஒரு மாதமாகப் பின்னாலேயே நடந்தவளிடம் பாஸ்கரன் சொன்ன பதில் ஒன்றுதான். “ஞாயித்துக்கெழம சாயங்காலம் உன் ஷிஃப்ட்டு. மாத்து ஆள் குடுத்துட்டு நீ யார வேணா கட்டிக்கோ. கடையில ஆள் இல்லேனா உனக்கு வேலை இல்ல.”

அது அவர் சொந்தச் சரக்கல்ல. “ஆஃபர் முடியறவரைக்கும் சாயங்காலத்துல ஷட்டர் எறங்கி இருந்துச்சுன்னா, மறுநாள் வேற கடையப் பாத்துக்கோ பாஸ்கரா” என்று முதலாளி பரந்தாமன் அவரிடம் சொல்லியிருந்தார். மேலேயிருந்து விழுவதை அப்படியே கீழே தள்ளிவிடுவதற்கு மேனேஜ்மெண்ட் என்று பெயர்.

மதிவதனிக்குப் பதிலாக ரேவதி நிற்பதாக ஏற்பாடு. அந்த நிம்மதியில் பாஸ்கரன் பந்திக்குப் போனார். எதிர் இலையில் ரேவதி உட்கார்ந்திருந்தாள்.

“நீ இங்க இன்னா பண்ற?”

“சாப்டறேன் சார்.”

“கடையில யாரு?”

“அஸ்வின்கிட்ட மாத்திக்கினேன் சார். குரூப்ல போட்டேனே!”

பாஸ்கரன் பாதி இலையில் எழுந்தார். அஸ்வின் ஐஸ்கிரீம் மேஜையருகே, இரண்டாவது கப்போடு நின்றிருந்தான்.

“டேய், நீ கடையில இல்ல?”

“அனுசுயாக்கா பாத்துக்கறேன்னுச்சு சார். காலைல ஷிஃப்ட்டும் அதான், சாயங்காலமும் அதான்னு பேசிக்கினோம். குரூப்ல போட்டேனே!”

அனுசுயா பட்டுப்புடவையில், வாசலில் வருகிறவர்களுக்குச் சந்தனம் நீட்டிக்கொண்டிருந்தாள். பாஸ்கரனுக்கும் நீட்டினாள்.

“என்னைக் கேக்காதீங்க சார். ரெண்டு வேளையும் நிக்க முடியாது, கால் வீங்கிப் போவுது, வேற ஆளப் போடுங்கன்னு காலைலயே குரூப்ல போட்டேன். நீங்க தம்ஸ் அப் போட்டீங்க. சரி, சாரே நிக்கப் போறாருன்னு மத்தியானம் பூட்டி, சாவிய பக்கத்து மெடிக்கல்ல குடுத்துட்டு, அதையும் குரூப்ல போட்டுட்டு வந்தேன்.”

“தம்ஸ் அப் போட்டா பாத்துட்டேன்னு அர்த்தம்மா!”

“பாத்துட்டு இன்னா செஞ்சீங்க?”

பாஸ்கரன் பார்க்கவேயில்லை என்பதுதான் உண்மை. குரூப்பில் எது வந்தாலும் படிக்காமல் கட்டைவிரல் போடுவது அவர் வழக்கம். ரவையில் வண்டு என்றாலும் கட்டைவிரல், மாமனார் தவறிவிட்டார் என்றாலும் கட்டைவிரல்.

கடையில் வேலை செய்பவர்கள் அவரையும் சேர்த்து மொத்தம் ஐந்து பேர். நாலு பேர் மண்டபத்துக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள், ஐந்தாவது ஆள் மேடையில் மாலையோடு நிற்கிறது. இந்த வயதில் வேலை போனால், இனி எந்தக் கடையில் போய் நிற்பது?

பைக் சாவியைத் துழாவியபடி வெளியே ஓடியவர், பரிசுப் பெட்டியோடு காரிலிருந்து இறங்கிய பரந்தாமன் மேலேயே மோதிக்கொண்டார்.

“எங்க ஓடற?”

“சார்... கடை... நம்ம கடையில...”

“கடை வழியாத்தான் வர்றேன். ஆஃபர்னா இதான்யா ஆஃபரு! வாசல் வரைக்கும் கூட்டம். நம்ம ஆளுங்க எல்லாரையும் கல்யாணத்துக்கும் அனுப்பிட்டு, அங்கயும் ஆள் போட்டிருக்க பாரு. நீதான்யா மேனேஜரு!” என்று முதுகில் தட்டினார் பரந்தாமன்.

பாஸ்கரன் பழக்கதோஷத்தில் கட்டைவிரலை மட்டும் உயர்த்திக் காட்டினார்.

முதலாளி உள்ளே போனதும் பயம் இரண்டு மடங்காகியது. திறந்திருக்கும் கடையில் நிற்பது யார்? எவனாவது கல்லாவைக் காலி செய்துகொண்டிருந்தால்? கடை நம்பருக்கு ஃபோன் போட்டார்.

நான்கைந்து முறை மணியடித்த பிறகு யாரோ எடுத்தார்கள். பின்னணியில் பில் மிஷின் சத்தம். யாரோ ஒரு அம்மா சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

“ஹலோ, யாருய்யா நீ?”

“பில் போட்டுக்கினு கீறேன் சார். கூட்டம் ஜாஸ்தியா கீது, சட்டுனு சொல்லுங்க.”

“யாரு உன்னை அங்க நிக்கச் சொன்னது?”

“மதிவதனி சார். காலைலதான் அதுக்குத் தாலி கட்னேன்.”